நாடக மேடையில் கலந்த இசை: செங்கோட்டை கிட்டப்பாவும் அவர் காலமும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் தமிழ் நாடகங்களில் பாடியவர்கள் கீர்த்தனை, விருத்தம், காவடிச்சிந்து, இந்துஸ்தானி மெட்டு, பார்சி மெட்டு என்று எல்லாவற்றையும் ஒரே இரவில், ஒரே கதைக்குள் பாடினார்கள். கச்சேரி மேடை ஏற்காத இந்தக் கலப்பு நாடகக் கொட்டகையில் அன்றாட வழக்கமாக இருந்தது. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933).

கலப்பின் தொடக்கம் அவருக்கு ஒரு தலைமுறை முந்தையது. பம்பாயில் 1850-களில் உருவான பார்சி நாடகக் கம்பெனிகள், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கேயும் வந்து ஆடின. தீட்டிய திரைச்சீலைகளோடும் ஜோடனைகளோடும் அவர்களுடைய மெட்டுகளும் இங்கே தங்கிவிட்டன. கூடவே வந்து நிலைத்தது ஆர்மோனியம். ஐரோப்பாவில் காலால் மிதித்து வாசித்த அந்தக் கருவியைக் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாற்றியபின், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக்காரர்களுக்கு அது மிகவும் வசதியாகிப்போனது. ஆர்மோனியத்தில் கமகம் வராது. அசைவு அதிகம் தேவைப்படும் ராகங்கள் அதில் பட்டென்று நிற்கும். காபி, பெஹாக், ஜோன்புரி, சிந்துபைரவி போன்றவை நாடக மேடையில் செல்வாக்குப் பெற்றதற்கும், துரிதமான பிருகாக்கள் அங்கே கொண்டாடப்பட்டதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் இந்தக் கலவைக்கு இலக்கிய வடிவம் கொடுத்தன. வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கீர்த்தனையும் அவர் பாடல்களில் அடுத்தடுத்து வரும். அக்காலத்து நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பல பாடல்களின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். சிலவற்றில் ராகத்துக்குப் பதிலாக இன்ன பாட்டின் மெட்டு, பார்சி மெட்டு, இந்துஸ்தானி மெட்டு என்ற குறிப்பு மட்டும் இருக்கும். வாங்கியவர்கள் வீட்டுத் திண்ணையில் பாடிப் பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது.

பாடகரின் திறமையைச் சோதித்தது ஸ்பெஷல் நாடகம். வெவ்வேறு ஊர் நடிகர்களைக் காண்டிராக்டர் ஓர் இரவுக்காக மட்டும் வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற கதைகள் எல்லோருக்கும் பாடம். எந்த இடத்தில் எதிராளி எதைப் பாடுவார் என்பதுதான் தெரியாது. நாயகனும் நாயகியும் மோதும் தர்க்கத்தில் ஒருவர் நாட்டுப்புற மெட்டில் கேட்டால், மற்றவர் அதே மெட்டில் மடக்கலாம். அல்லது கனமான ஒரு ராகத்துக்குத் தாவி அவரைத் திணறடிக்கலாம். தரை டிக்கெட்டில் உழவர்களும் கூலிக்காரர்களும், நாற்காலியில் சங்கீதம் தெரிந்த பெரிய மனிதர்களும் அமர்ந்திருந்தார்கள். ஒரு வகைப் பாட்டை மட்டும் பாடி விடியும்வரை இந்தக் கூட்டத்தை உட்கார வைக்க முடியாது. கலப்பு தொழிலின் கட்டாயமாகவே பிறந்தது.

அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா, சிறுவனாகவே அண்ணன்மார்களோடு மேடை ஏறியவர். முறையான குருகுலவாசம் இல்லாமல், கேட்டுக் கேட்டே பாட்டைப் பிடித்துக்கொண்டார். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் போன்ற நாடகங்கள் அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியிருந்ததால் நாடகப் பாடகர்கள் நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார்கள். இன்று கச்சேரிகளில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியே பாடுகிறார்கள் என்பதை நினைத்தால் அந்த உயரம் விளங்கும். அவ்வளவு உயரத்திலும் கிட்டப்பாவின் குரல் கூச்சலாகவில்லை.

கலப்பின் நுட்பம் விருத்தத்தில்தான் நன்கு வெளிப்பட்டது. தாளம் இல்லாததால் மிருதங்கம் ஓய்ந்திருக்கும். பாடகர் வரிக்கு வரி ராகத்தை மாற்றலாம். பின்தொடர்ந்து ஸ்வரத்தைப் பிடிப்பது ஆர்மோனியக்காரரின் பாடு. விருத்தம் முடிந்த கையோடு ஆதி தாளத்தில் பாட்டை எடுத்ததும் மிருதங்கம் சேர்ந்துகொள்ளும். கொட்டகையிலிருந்து 'ஒன்ஸ்மோர்' குரல் எழுந்தால் அதே பாட்டை மறுபடியும், இம்முறை வேறு சங்கதிகளோடு, பாட வேண்டும். கிட்டப்பா பாடிய வள்ளலார் விருத்தத்தின் இசைத்தட்டில் இந்த முறை இன்றும் கேட்கக் கிடைக்கிறது. தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையும் அவர் இசைத்தட்டு வழியாகக் கச்சேரிக்கே போகாத வீடுகளுக்குள் நுழைந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடங்களே அடங்கும் என்பதால், மேடையில் அவர் விரித்துப் பாடியதன் சுருக்கமே நமக்கு மிஞ்சியிருக்கிறது.

கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாள் அவருக்குச் சரியான எதிர்ப்பாட்டுக்காரர். இருவரும் 1920-களின் பிற்பகுதியில் மேடையிலும் வாழ்விலும் இணைந்தார்கள். ஆனால் அது நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா காலமானார்.

அதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. 1931-இல் வெளியான 'காளிதாஸ்' படத்தில் தியாகராஜ கீர்த்தனையும் தேசியப் பாட்டும் அருகருகே இடம்பெற்றன. மேடையின் வழக்கம் அப்படியே திரைக்கு ஏறிவிட்டது. 1935-இல் 'நந்தனார்' படத்துக்குச் சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். கிட்டப்பாவோ ஒரு படத்திலும் நடிக்காமல் போய்விட்டார். கலப்பைச் சுமந்துவந்த ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கியது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. இன்றும் இசை வரலாறுகளில் கிட்டப்பாவை 'நாடக நடிகர்' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கச்சேரி வித்வான்களுக்கு நிகரான இடம் அவருக்கு அந்தப் பக்கங்களில் உரியது.