இரைப்பையில் ஒளிந்திருந்த கட்டி

ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று திருகோணமலைத் துறைமுகத்தை நோக்குவோர்க்கு நீரின் மேற்பரப்பே தெரியும். அடியிற் கிடப்பது தெரியாது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுக்கு இலக்கான ‘சகாயிங்’ என்னும் கப்பல், பின்னர் நீருள் அமிழ்த்தப்பட்டு, 2018 ஆம் ஆண்டிலேதான் மேலே கொணரப்பட்டது. மனிதனின் இரைப்பையும் நெடுங்காலம் தன் மறைவைக் காத்து வந்த உறுப்பேயாம்.

மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழ் மாணவருக்கென ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை 1867 இல் வெளியிட்டார். அக்காலத்தில் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த வைத்தியர் உலகில் எங்கும் இலர். 1881 சனவரி 29 இல் வியன்னா நகரிற் பில்ரோத் அதனைச் செய்தார். அவருக்கு முன் முயன்ற இருவரின் நோயாளிகளும் இறந்துபட்டனர். பில்ரோத்திடம் வந்தவர் புற்றுக்கட்டி கொண்ட 43 வயதுப் பெண். அவர் சத்திர சிகிச்சையிலிருந்து தேறினார். ஆயினும் நோய் முன்னரே பரவியிருந்தமையால் ஏறக்குறைய நான்கு மாதங்களில் இறந்தார்.

பின்னர் இரைப்பைப் புண்ணுக்காகவும் இரைப்பையைக் குறைக்கும் வழக்கம் பரவியது. அவ்வாறு குறைக்கப்பட்டோர் மெலிந்தே இருப்பதை அமெரிக்க வைத்தியர் எட்வேட் மேசன் கண்டார். பிறர் குறையென்று தள்ளியதை அவர் பயனாகக் கொண்டு, 1966 இல் மிகைப் பருமனுக்கான இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். இரைப்பையில் முக்காற் பங்கை நீக்கி, எஞ்சியதைக் குழாய் போலாக்கும் முறை பிற்காலத்தது.

கட்டியை அகற்றப் பிறந்த கலை, பருமனைக் குறைக்கப் போன இடத்திலும் கட்டியையே கண்டது! எந்த நோவும் அறியாதவரின் இரைப்பைச் சுவரிற் பட்டாணி அளவேயான கட்டிகள் தென்பட்டன. இவை அரியவை, நூற்றுக்கு ஒருவரை ஒட்டியே காணப்படுகின்றன. உட்சவ்வுக்கு அப்பால் சுவரினுள்ளே வளர்வதால், முன்கூட்டி உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்த்தாலும் தப்பிவிடுதல் உண்டு. தசைக்கட்டிகள் என்றே நெடுநாள் எண்ணப்பட்ட இவற்றுட் பலவற்றுக்கு ‘கிற்’ என்னும் மரபணுவின் பிறழ்வே காரணமென்பதை 1998 இல் யப்பானிய ஆய்வாளர் ஹிரோத்தாவும் குழுவினரும் காட்டினர்.

சிறிய கட்டியாயின், அதனை முழுமையாக நீக்குவதே பெரும்பாலும் சிகிச்சையாகிவிடும். குழாய் போலாக்கும் முறையில் வெட்டிய பகுதி கைக்கு வந்துவிடுகிறது. அதனை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். மாற்றுவழிச் சிகிச்சையிலோ விலக்கப்பட்ட இரைப்பை உடலுக்குள்ளேயே தங்கிவிடும். பின்பு சாதாரண உள்நோக்கி அங்கே எட்டாது. ஆகையால் தையலிடுமுன் இரைப்பைச் சுவர் முழுவதையும் வைத்தியர் ஒருமுறை துருவி நோக்குகிறார்.