காசில்லையோ, மனமில்லையோ?

2011 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பத்திரிகைக்கான இறுதிப் பக்கங்களை முடித்துக்கொண்டிருந்த இரவு அது. கொழும்பு நேரம் எட்டரைக்கு ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்தில் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கும் ஆர்சனலுக்கும் இடையிலான ஆட்டம் ஆரம்பமானது. ஆசிரிய பீடத்தின் மூலையில் ஒலியைக் குறைத்து வைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியை நான் இடைக்கிடை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்தபோது எண்ணிக்கை எட்டுக்கு இரண்டு. 1896 ஆம் ஆண்டில் லவ்பரோ டவுண் கழகத்திடம் 8 கோல்களை வாங்கிய பின்னர் ஆர்சனல் கண்ட மிக மோசமான தோல்வி அது.

எங்கள் ஒப்புநோக்குநர் யாழ்ப்பாணத்தவர். வயதில் மூத்தவர். உதைபந்தாட்டத்தை நன்றாக அறிந்தவர். ஆனால் எந்தக் கழகத்துக்கும் இரசிகர் அல்லர். திருத்திய படிகளை என் மேசையில் வைத்துவிட்டு, தொலைக்காட்சித் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, உங்கட ஆக்களிட்டைக் காசில்லையோ, இல்லாட்டி மனமில்லையோ?"

என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. அந்த மாதத்தில் மட்டும் பப்ரேகாஸ் பார்சிலோனாவுக்கும் நஸ்ரி மன்செஸ்டர் சிற்றிக்கும் விற்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஈடாக ஒருவரும் வந்து சேர்ந்திருக்கவில்லை. தோல்விக்குப் பின்னர்தான் நித்திரையால் எழும்பியது போல, சந்தை மூடுவதற்கு இடையில் எஞ்சியிருந்த மூன்று நாட்களுக்குள் ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள். வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டிய கதைதான்.

ஆர்சனலுடனான எனது பிணைப்பு 1989 மே மாதத்தில் ஏற்பட்டது. லீவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் மாத்திரமே சம்பியன் பட்டம் என்ற நிலையில், கடைசி நிமிடத்தில் மைக்கல் தோமஸ் இரண்டாவது கோலைப் போட்டார் என்பதை அதிகாலை பி.பி.சி. உலக சேவையின் செய்தியறிக்கையில் கேட்டேன். அந்த ஒரு செய்தியே போதுமாயிருந்தது. பின்னர் செய்தியாளனாகத் தொழிலைத் தொடங்கிய காலத்தில்தான் இந்தக் கழகத்தின் பழைய கதைகளைத் தேடி வாசித்தேன். ஒப்புநோக்குநரின் கேள்விக்கு நூறாண்டு வயது என்பது அப்படி வாசித்த போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

1909 இல் சார்ளி பக்கன் என்ற இளைஞன், கழகம் வூல்விச் ஆர்சனல் என்ற பெயரில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்த காலத்தில், அதன் இரண்டாம் அணிக்கு ஊதியமின்றி விளையாடினான். போக்குவரத்து முதலான செலவுகளுக்காக அவன் கேட்ட தொகை 11 ஷிலிங். முகாமையாளர் அதைக் கொடுக்க மறுத்தார். பையன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். பின்னாளில் சண்டர்லாண்ட் கழகத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவராக அவர் பெயர் எடுத்தார்.

கழகத்தை 1913 இல் வட இலண்டனின் ஹைபரிக்குக் கொண்டுவந்தவர் சேர் ஹென்றி நொறிஸ். மைதானத்துக்குப் பணத்தைக் கொட்டிய அவர், வீரர்களுக்குக் கொடுப்பதென்றால் கையை இறுக்கிக் கொண்டார். எந்த வீரருக்கும் 1,000 பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று தமக்கு உத்தரவிடப்பட்டிருந்ததாக 1919 முதல் 1925 வரை முகாமையாளராக இருந்த லெஸ்லி நைட்டன் பின்னர் எழுதினார். நைட்டனை விலக்கிவிட்டுப் புதிய முகாமையாளரைத் தேடி 1925 இல் பத்திரிகையில் விளம்பரம் செய்தபோதும், பெருந்தொகை கொடுத்து வீரர்களை வாங்கி அணி கட்டுபவர்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்ற கருத்தை நொறிஸ் அதில் சேர்த்திருந்தார். முகாமையாளரை நியமிக்கும் முன்பே அவருடைய கைகளைக் கட்டிவிடும் விளம்பரம் இதைப்போல் வேறொன்றை நான் கண்டதில்லை.

அந்த விளம்பரத்தின் பின் வந்தவர் ஹேர்பேட் சப்மன். ஹடர்ஸ்பீல்ட் கழகத்துக்கு 1924, 1925 ஆகிய இரு ஆண்டுகளும் லீக் பட்டத்தை வென்று கொடுத்தவர். வந்தவுடன் அவர் கேட்ட முதல் ஆட்களில் ஒருவர் சார்ளி பக்கன். அப்போது அவருக்கு வயது 33. சண்டர்லாண்ட் 4,000 பவுண் கேட்டது. நொறிஸ் பேரம் பேசினார். முற்பணமாக 2,000 பவுணும், முதல் பருவத்தில் அவர் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுணும் என்று உடன்பாடு ஏற்பட்டது. பக்கன் அந்தப் பருவத்தில் 21 கோல்கள் போட்டார். ஆக, மிச்சம் பிடிக்கப் போன நொறிஸ் கொடுத்தது 4,100 பவுண். 11 ஷிலிங்குடன் தீர்ந்திருக்க வேண்டிய கணக்கு!

நொறிஸ் 1927 இல் கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்ததன் பின்னரே சப்மனின் கை அவிழ்ந்தது. 1928 ஒக்டோபரில் போல்ட்டன் கழகத்தின் டேவிட் ஜாக்கை 10,890 பவுணுக்கு அவர் வாங்கினார். அதற்கு முன்னர் இங்கிலாந்தில் எந்த வீரருக்கும் 10,000 பவுண் கொடுக்கப்பட்டதில்லை. பேரம் நடந்த ஹோட்டலில் விருந்தினர்களுக்கு இருமடங்கு மதுவும் தமக்கு ஜின் கலக்காத வெறும் டொனிக்கும் பரிமாறுமாறு சப்மன் பரிசாரகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார் என்று, உடனிருந்த பொப் வோல் பதிவு செய்திருக்கிறார். போல்ட்டன் முதலில் கேட்டது 13,000 பவுண். மறு வருடம் அலெக்ஸ் ஜேம்ஸ் 8,750 பவுணுக்கு வந்தார். 1930 இல் எவ்.ஏ. கிண்ணம், 1931, 1933, 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம். கடைசி இரண்டையும் காண சப்மன் உயிருடன் இருக்கவில்லை. அவர் 1934 ஜனவரியில் காலமானார்.

வெங்கரின் காலத்தை இவ்வளவு இலகுவாகத் தீர்ப்பிட முடியாது.

2006 இல் கழகம் ஹைபரியை விட்டு எமிரேட்ஸ் மைதானத்துக்கு இடம்பெயர்ந்தது. ஹைபரியில் சுமார் 38,000 ஆசனங்கள். புதிய மைதானத்தில் 60,000. செலவு 390 மில்லியன் பவுண். பெரும்பகுதி கடன். கழகத்துக்குக் காலமும் கைகொடுக்கவில்லை. அப்ரமோவிச் 2003 இல் செல்சியையும் அபுதாபியினர் 2008 இல் மன்செஸ்டர் சிற்றியையும் வாங்கினார்கள். கடன் வாங்கியபோது போட்டியாளர்களாக இருந்தவர்கள் வேறு. கடனைக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிரே நின்றவர்கள் வேறு. வெங்கர் ஐந்து ஆண்டுகளுக்குக் கைச்சாத்திட்டாலே கடன் கிடைக்கும் என்று வங்கிகள் நிபந்தனை விதித்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். புதிய அச்சியந்திரத்தைக் கடனுக்கு வாங்கிவிட்டு நிருபர் வெற்றிடங்களை வருடக்கணக்கில் நிரப்பாமல் விட்ட நிருவாகமொன்றை என் தொழிலிலும் நான் கண்டிருக்கிறேன். ஆகையால் அந்த முதற் சில ஆண்டுகளின் சிக்கனத்தை நான் குறை கூறுவதில்லை. ஹென்றியும் அடபயோரும் கோலோ தூரேயும் போனபோது மனம் வருந்தினேனே தவிரக் கோபப்படவில்லை. அந்த வருடங்களிலும் வெங்கர் ஒரு தடவையேனும் முதல் நான்கு இடங்களை விட்டு அணியை இறங்க விடவில்லை என்பதை அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

என் கோபமெல்லாம் காசு வந்த பிறகு நடந்தவற்றின் மீதுதான். 2013 கோடையில் நிதிவலு கூடிவிட்டது என்று கழகத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஐவன் கஸிடிஸ் பகிரங்கமாக அறிவித்தார். லிவர்பூலின் சுவாரெசுக்காக 40 மில்லியனும் ஒரு பவுணும் தருவதாக விண்ணப்பித்தார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் 40 மில்லியனுக்கு மேல் என்ற நிபந்தனை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்கு மேல் சரியாக ஒரேயொரு பவுணைச் சேர்த்தார்கள்! சட்டத்தரணிக்கு அது சாமர்த்தியமாகத் தோன்றியிருக்கலாம். விற்பவனுக்கு அது அவமதிப்பு. லிவர்பூல் விற்க மறுத்தது. அந்தப் பருவத்தில் சுவாரெஸ் லீக் போட்டிகளில் 31 கோல்கள் போட்டார். ஆர்சனல் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே அஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. அன்றைய தினம் வரை வந்து சேர்ந்திருந்த ஒரே புதியவர், கட்டணமின்றிக் கிடைத்த இளைஞர் சனோகோ. 'காசைச் செலவழி' என்று அரங்கம் பாடியது. செப்டெம்பர் 2 ஆம் திகதி 42.5 மில்லியன் பவுணுக்கு ஓஸில் வந்தார். 2014 மே மாத முடிவில் கழகத்தின் கணக்கில் 200 மில்லியனுக்கு மேற்பட்ட ரொக்கம் இருந்தது. அதில் ஒரு பகுதி இரசிகர்கள் அடுத்த பருவத்துக்காக முன்கூட்டிச் செலுத்திய நுழைவுச்சீட்டுப் பணம்; இன்னொரு பகுதி கடனுக்கான ஒதுக்கம். முழுவதையும் சந்தையில் கொட்டியிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பகுதியையேனும் கொட்டியிருக்கலாம்.

2015 கோடையை மாத்திரம் என்னால் மன்னிக்க முடியவில்லை. கோல் காப்பாளர் பீற்றர் செக் ஒருவரைத் தவிர, களத்தில் ஓடி விளையாடும் வீரர் ஒருவர்கூட வாங்கப்படவில்லை. நடுக்களத்தில் காவல் நிற்பதற்கு ஆள் தேவை என்பதை கொழும்பில் இருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. நவம்பரில் கொக்கலானும் கசோர்லாவும் அடுத்தடுத்துக் காயமடைந்தனர். அதே கோடையில் பிரான்சின் கான் கழகத்திலிருந்து சுமார் 5.6 மில்லியன் பவுணுக்கு கண்டே என்ற குள்ளமான நடுக்கள வீரரை லெஸ்டர் சிற்றி வாங்கியிருந்தது. செல்சி, மன்செஸ்டர் கழகங்கள் எல்லாம் தடுமாறிய அந்த வருடத்தில் லெஸ்டர் 81 புள்ளிகளுடன் சம்பியனானது. ஆர்சனல் 71 புள்ளிகளுடன் இரண்டாமிடம். லெஸ்டரைத் தன் மைதானத்திலும் லெஸ்டரின் மைதானத்திலும் தோற்கடித்த அணி, அந்தப் பருவத்தில் ஆர்சனல் மாத்திரமே. 5.6 மில்லியன் இல்லாத கழகமா அது?

வெங்கர் 2018 இல் விடைபெற்றார். அதே ஆண்டில் ஸ்ரான் குரொங்கி கழகத்தின் முழுப் பங்குகளையும் வாங்கிக்கொண்டார். 2023 இல் டெக்லன் ரைஸுக்காக 100 மில்லியனுக்கு மேல் கொடுக்கவும் தயங்கவில்லை. ஆயினும் 2025 ஜனவரியில், முன்கள வீரர்கள் காயமடைந்து கிடக்க, ஒருவரும் வாங்கப்படாமலே சந்தை மூடப்பட்டது. அந்தப் பருவத்திலும் இரண்டாமிடமே கிடைத்தது. (அடுத்த கோடையில் 250 மில்லியனுக்கு மேல் செலவிட்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.)

சந்தை மூடிய மறுநாள் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் ஒப்புநோக்குநர் ஓய்வு பெற்று மகளுடன் கனடாவில் வசிக்கிறார்.

"தம்பி, இப்ப காசிருக்கெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். அப்ப மனந்தானே இல்லை?"

"அண்ணை, 1909 இலை ஒரு பொடியன் செலவுக்காசு கேட்டவன்" என்று தொடங்கிப் பக்கனின் கதையை முழுவதும் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவெண்டு சொன்னனீர்? பதினொரு ஷிலிங்கோ?" என்றார். பிறகு நெடுநேரம் சிரித்தார்.