இலாகா இல்லாத மந்திரி ராஜாஜி

பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலையில் நேரே போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் ஓசூர். அதன் பக்கத்தில்தான் 1878-இல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி. அவர் பட்டம் படித்தது நம்ம பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில். ஆகவே இம்மலரில் அவரைப் பற்றி எழுத நமக்கு உரிமை உண்டு.

நாட்டின் தலைமைப் பதவியிலிருந்து இறங்கியவரை அரசாங்கம் பிறகு எங்கே உட்கார வைப்பது? சுதந்திர இந்தியாவில் இக்கேள்வி முதலில் எழுந்தது இவர் விஷயத்தில்தான். 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலானவர், 1950 ஜனவரி 26-இல் குடியரசு பிறந்ததும் பதவியை விட்டு இறங்கினார். அவரையே ஜனாதிபதியாக்க நேரு விரும்பினார். கட்சியோ ராஜேந்திர பிரசாத் பக்கம் நின்றது. ஜூலையில் நேரு அவரை இலாகா இல்லாத மந்திரியாக அழைத்துக்கொண்டார். அப்போது வயது 71. அந்த ஜனவரி வரை சட்டப்படி இவருக்கு ஆலோசனை சொல்லிவந்த மந்திரிசபையில், இப்போது இவரும் ஒரு மந்திரி! கௌரவம் பார்க்கிறவராக இருந்தால் வந்திருக்கவே மாட்டார்.

இலாகா இல்லாத மந்திரி என்று அரசியல் சட்டத்தில் தனி வகை எதுவும் கிடையாது. பிரதமர் காது கொடுத்தால் அதிகாரம். இல்லாவிட்டால் வெறும் நாற்காலி. (சங்கங்களில் முன்னாள் தலைவரைக் ‘காப்பாளர்’ ஆக்கி, மாலை போட்டு, கணக்கு நோட்டை மட்டும் காட்டாமல் வைக்கிறோமே, அந்த மாதிரி.) ராஜாஜிக்கு நேரு காது கொடுத்தார். ஆனால் டிசம்பர் 15-இல் படேல் மறைய, உள்துறை இவர் தலையில் விழுந்தது. ஆலோசகர் வேலை ஐந்தே மாதத்தில் முடிந்தது. 1951-இல் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்து பத்திரிகையாளர்களின் எதிர்ப்பையும் வாங்கிக்கொண்டார். அவ்வாண்டிலேயே விலகி, 1952 ஏப்ரலில் சென்னை முதல்வரானார்.

இதையே சிங்கப்பூர் ஒரு நிலையான ஏற்பாடாக்கியது. அங்கே 1985-இல் ‘மூத்த அமைச்சர்’ ஆனவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த சி. ராஜரத்தினம். 1990-இல் பிரதமர் பதவியை விட்ட லீ குவான் இயூ அப்பெயரோடும், 2004 முதல் ‘மதியுரை அமைச்சர்’ என்ற பெயரோடும் 2011 வரை மந்திரிசபையில் இருந்தார். 2024-இல் அவர் மகன் லீ சியன் லூங்கும் பிரதமர் பதவியிலிருந்து இறங்கி மூத்த அமைச்சரானார். மூத்தவரின் நிழலில் புதிய பிரதமர் எப்படி வளர்வார் என்ற கேள்வி அங்கும் எழாமலில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை உள்ளேயே சொல்ல ஓர் இடம் இருந்தது.

டில்லியில் அப்படி ஓர் இடம் நிலைக்கவில்லை. 1959-இல், எண்பதாவது வயதில், ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி நேருவுக்கு வெளியிலிருந்தே ஆலோசனை சொல்லத் தொடங்கினார்.