விடுமுறையில் எழுதிய வரலாறு

ஆண்டுதோறும் தை பிறந்துவிட்டால் என் அறை வாயிலில் மாணவர்கள் வந்து நிற்பார்கள். பட்டப் படிப்பின் முடிவில் ஆய்வேடு ஒன்று எழுதித் தரவேண்டும் என்பது அவர்களுக்கு விதி. “ஐயா, என்ன தலைப்பு எடுக்கலாம்? எத்தனை பக்கம் இருக்கவேண்டும்?” என்பவையே அவர்கள் கேட்கும் இரு கேள்விகள். பக்கக் கணக்கைக் கேட்கும்போது எனக்குச் சினம் வருவதில்லை. நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டவன்தான். ஆனால் ஆய்வேடு என்ற சொல் பாடத்திட்டத்தில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, சென்னையில் மாணவர்கள் செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. இன்று அதன் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் தோன்றியது. பாடம் சொல்லித் தருவது அதன் தொழிலாக அப்போது இருக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. எந்த நூலைப் படிக்கவேண்டும், எந்தப் பகுதியிலிருந்து வினா வரும் என்பதே மாணவனின் உலகம். நூலில் இல்லாத ஒன்றைத் தானே தேடிக் காண்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

இடமில்லாத இடத்தில்தான் முதல் விதை முளைத்தது. 1903-ஆம் ஆண்டில் இருவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்கள். ஒருவர், கும்பகோணம் கல்லூரியிலிருந்து தமிழாசிரியராக மாறி வந்த உ. வே. சாமிநாதையர். மற்றவர், பதினான்கு வயது மாணவர் ச. வெ. இராமன். பட்டகத்தின் கோணத்தை அளப்பது பௌதிக மாணவர் அனைவரும் செய்யும் பயிற்சி. அதைச் செய்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போவதே வழக்கம். இராமனோ, பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தோன்றிய பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் இருப்பதைக் கவனித்தார். அது ஏன் என்று ஆராய்ந்து எழுதினார். கட்டுரையைப் பார்வையிடுமாறு பேராசிரியரிடம் கொடுத்துப் பல மாதம் காத்திருந்தார். விடை வராமற் போகவே தாமே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். ‘ஃபிலாசஃபிக்கல் மேகசின்’ என்னும் இதழ் 1906 நவம்பரில் அதை வெளியிட்டது. இராமனுக்கு அந்த மாதந்தான் பதினெட்டு நிறைந்தது.

அவருடைய தமையனார் மகன் சந்திரசேகரும் அதே கல்லூரியில் படித்தவர். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவர் தங்கிய விடுதிக்கே இவ்விளைஞர் சென்று கண்டார். “நீ படித்த பௌதிகம் பழையதாகிவிட்டது” என்ற பொருளில் அவர் சொன்னதோடு, அச்சாகாத தம் புதிய கட்டுரையின் படியையும் கொடுத்தார். மனம் உடைந்து போகவேண்டிய செய்திதான். சந்திரசேகர் அந்தப் படியிலிருந்தே கற்றுக்கொண்டு எழுதிய கட்டுரை 1929-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. பட்டத் தேர்வு அதற்கும் அடுத்த ஆண்டுதான்.

இவர்கள் இருவரும் நோபெல் பரிசு பெற்றவர்கள். இவர்களைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு விலகல் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். “அவர்கள் மேதைகள், எங்களுக்கும் அதற்கும் என்ன?” என்பது அதன் பொருள். நியாயமான ஐயமே. ஆகையால் மேதைமையைக் கோராத ஒரு முயற்சிக்கு வருகிறேன். இது பௌதிகத்தில் அன்று, பொருளாதாரத்தில் நிகழ்ந்தது.

1915-ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தார். முன்பு ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளர் கற்பதற்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்கவேண்டும். ஆனால் இந்தியக் கிராமத்தைப் பற்றி நம்பத்தக்க நூல் எங்கே? அவர் ஒரு வழி கண்டார். மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குத்தானே போகிறார்கள்? கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, உங்கள் ஊரைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். ஊரில் வீடு எத்தனை, நிலம் யார் யார் கையில், என்ன விளைகிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்பன போன்ற கேள்விகள். பாட்டன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரிக்கக்கூடியவை.

அவ்வாறு 1916-இலும் அதனை ஒட்டியும் தொகுத்தவற்றை ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கில நூலாக 1918-இல் ஸ்லேட்டர் பதிப்பித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம் ஆகியவை அதில் உள்ளன. ‘எருவெல்லிப்பேட்’ என்று படிக்கத்தக்க ஓர் ஊரும் உண்டு. அப்படி ஓர் ஊரைத் தேடித் தென்னார்க்காட்டு வரைபடத்தில் வெகுநேரம் விரல் ஓட்டினேன். பிறகல்லவா தெரிந்தது, அது நம் இருவேல்பட்டு! ஆங்கில எழுத்தில் அகப்பட்ட தமிழ் ஊர்ப்பெயர்கள் படும் பாட்டைத் தனியே ஒரு பேச்சாகப் பேசலாம்.

நூல் வெளிவந்ததோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு சொல்லவேண்டியதில்லை. 1936, 37-ஆம் ஆண்டுகளில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் பழைய ஏடுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்களை அனுப்பினார்கள். அதன் நூல் 1940-இல் வந்தது. இடையில் உலகப் பொருளாதார மந்தம் விலைகளை வீழ்த்தியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகன் முதலியோர், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் மீண்டும் சென்றார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். பெருநிலக்கிழார் குடும்பத்தின் கை ஓங்கியிருந்த அவ்வூரில் அந்தப் பிடி தளர்ந்ததையும், உழவை விட்டு வேறு வேலைக்குப் போவோர் பெருகியதையும், தொண்ணூறு ஆண்டுக் கணக்கை எதிரெதிரே வைத்து அவர்களால் காட்ட முடிந்தது. முதல் கணக்கு இல்லாவிடில் இரண்டாவது கணக்கை எதனோடு ஒப்பிடுவது? அந்த முதல் கணக்கை எழுதியவன் விடுமுறைக்கு வந்த ஒரு மாணவன்.

குறையையும் சொல்லவேண்டும். 1916-இல் கல்லூரி வரை வரக்கூடியவர் யார்? பெரும்பாலும் மேற்சாதியினர், நிலமோ உத்தியோகமோ உள்ள வீட்டார். எனவே ஊர் என்று அவர்கள் எழுதியது தம் தெருவிலிருந்து தெரிந்த ஊர். பண்ணையாளின் கூலி எவ்வளவு என்பது அத்தகைய கணக்கில் கிடைக்கும். அந்தக் கூலியைப் பற்றிப் பண்ணையாள் என்ன நினைத்தான் என்பது எளிதில் கிடைக்காது. இந்த வகை ஏடுகளைப் படிக்கும்போதெல்லாம், எழுதியவன் எங்கே நின்றுகொண்டு எழுதினான் என்பதையும் நான் சேர்த்தே படிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், பக்கக் கணக்குக் கேட்டவர்தாம், ஸ்லேட்டர் நூலின் சில பக்கங்களைப் படித்துவிட்டுத் தம் ஊர்க் கிணறுகளைக் கணக்கெடுப்பதாகச் சொன்னார். எது நன்னீர், எது தூர்ந்தது, எது எந்த ஆண்டில் வற்றியது என்று பட்டியல் எழுதி, ஊர்ப்படமும் வரைந்திருந்தார். பதினொரு கிணறுகள். ஊரை விட்டுக் கிளம்பும்போது, வீட்டில் நெடுங்காலம் வேலை செய்த மூதாட்டி ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினாராம். அந்த அம்மையார் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டுவிட்டு, “ஒண்ணு கொறையுதே, தம்பி. எங்க தெருக் கெணத்தை விட்டுட்டியே” என்றாராம்.

அவர் அன்று பேருந்து ஏறவில்லை. மறுவாரம் என்னிடம் வந்த படத்தில் பன்னிரண்டு கிணறுகள் இருந்தன. ஊரின் எல்லைக் கோட்டையும் அழித்துச் சற்றுத் தெற்கே தள்ளி வரைந்திருந்தார்.