மனு எழுதிய பாதிரிகளும் மண் கேட்ட மக்களும்

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோபுரங்களையும் தறிச் சத்தத்தையும் தாண்டி ஏரிக்கரைச் சேரிகளுக்குப் போனால் இந்த ஊருக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குவது இந்த மண்ணில்தான். அப்போது காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு தாலுகா.

இன்று நம் மாணவர்களில் பலர் சர்ச் குழுக்களோடும் தொண்டு அமைப்புகளோடும் சேர்ந்து சேவை செய்கிறார்கள். வெள்ளம் வந்தால் அரிசி, பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம். நல்லதுதான். ஆனால் அயலாருக்கு உதவுவது என்றால் என்ன? 130 ஆண்டுகளுக்கு முன் இதே ஜில்லாவில் அந்தக் கேள்விக்கு வேறொரு பதில் கிடைத்தது.

முதலில் அன்றைய நிலைமை. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமை முறையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்று சொல்லிவிட்டது. ஆனால் செங்கல்பட்டின் வயல்களில் பறையர்கள் படியாள்களாகவே இருந்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடன் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரிடம் கட்டிப்போட்டது. குடிசை போட்டிருந்த மனையே பல ஊர்களில் மிராசுதார் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும், கூடவே வீடும் போகும்.

ஊரில் தரிசு நிலம் இல்லாமல் இல்லை. அரசுத் தரிசை யாரும் தர்காஸ்து போட்டுக் கேட்கலாம் என்பது விதி. ஆனால் அந்த விதிக்குள்ளேயே ஒரு பூட்டு இருந்தது. சேரிக்காரர் ஒருவர் மனு போட்டால், அதே நிலத்தை வாங்க மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு. மனுவை விசாரித்துச் சொல்லும் கர்ணமும் முன்சீப்பும் அவருடைய ஆட்கள். உழுது பயிரிட விருப்பமே இல்லாவிட்டாலும், படியாள் கையில் நிலம் போய்விடக் கூடாது என்பதற்காகவே மிராசுதார் அதை எடுத்துக்கொள்வார். சொந்த நிலம் உள்ளவன் கூலிக்கு வரமாட்டான் அல்லவா?

1876-78 பஞ்சம் சேரிகளைச் சூறையாடியது. அதற்குப் பின் ஏராளமான குடும்பங்கள் மிஷன்களை நாடிப் போயின. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. இவர்கள் ஆன்மாவைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். மக்கள் பேசியது நிலத்தைப் பற்றி, மனையைப் பற்றி, கடனைப் பற்றி. அந்தக் கோரிக்கைதான் பாதிரிகளை மாற்றியது. தர்காஸ்து மனுக்கள் எழுதினார்கள், அதிகாரிகளிடம் வாதாடினார்கள், குடியிருக்க மனை வாங்கினார்கள். ஆண்ட்ரூ மேல்ரோசாபுரத்தில் ஒரு விவசாயக் குடியிருப்பையே உருவாக்கினார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேரிக்கும் மிஷன் பங்களாவுக்கும் இடையே நடந்தவர்கள் உபதேசியார்கள். அவர்களில் பலர் அதே சேரியில் பிறந்தவர்கள். வரலாறு வெள்ளைக்காரப் பாதிரியின் பெயரைப் பதிந்துகொண்டது. பெரும்பாலான உபதேசியார்களின் பெயரை விட்டுவிட்டது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், ஜில்லாவின் பறையர்கள் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். படியாள் முறை, மனை இல்லாமை, தர்காஸ்துத் தடை எல்லாம் அதில் அரசின் மேசைக்கு வந்தன. அவர் கேட்டதில் பெரும்பகுதியை அரசு ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்குத் தனியாக நிலம் ஒதுக்க வழி திறந்தது. இந்த நிலங்களுக்கான நிபந்தனைகளை நாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அந்த விற்பனை செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். சென்னை மாகாணம் முழுக்க இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

அப்படியானால் மிஷன்தான் நம்மை மீட்டதா? இல்லை. அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டார். இதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். கேட்கும் குரல் நம்முடையதாக இருந்தது. கச்சேரிக் கதவைத் தட்டும் செல்வாக்கு மிஷனிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஏதோ ஒன்று அசைந்தது.

சர்ச்சைப் புனிதமாக்கவும் தேவையில்லை. மிஷனுக்கு மதமாற்றக் கணக்கு இருந்தது. சர்ச்சுக்குள்ளும் சாதி உட்கார்ந்திருந்தது. தனி இருக்கை, தனிக் கல்லறை இன்றுவரை நம் பிரச்சினைதான். சுதந்திர இந்தியா 1950-இல் பட்டியல் சாதிகள் ஆணை போட்டபோது, கிறிஸ்தவரான தலித்துகளை வெளியே நிறுத்தியது. சேரி மாறவில்லை, தீண்டாமை மாறவில்லை, சலுகை மட்டும் போனது.

ஒதுக்கிய நிலம் என்ன ஆனது? பெரும்பகுதி ஆதிக்க சாதியினர் கைக்கும் நிறுவனங்கள் கைக்கும் போய்விட்டது. அதை மீட்கச் செங்கல்பட்டு மறுபடி எழுந்தது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். மதம் எதுவாக இருந்தாலும் மண் கேட்டால் குண்டு ஒன்றுதான்.

ஆகவே, சேவைக்குப் போகும் தோழர்களே, அரிசிப் பையைக் கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். அந்த ஊரின் பெரியவர்களிடம் பஞ்சமி நிலம் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, பழைய நிலப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். புதிய பதிவேட்டில் காணாமல் போன ஒதுக்கீட்டுக் குறிப்பு பழையதில் இருக்கலாம். அன்று எழுதப் படிக்கத் தெரியாத நம் மக்கள் மனு எழுத அடுத்தவரை நம்ப வேண்டியிருந்தது. இன்று நம் கையிலேயே பேனா இருக்கிறது.