ஏற முடியாத லாரி

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குடவோலை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. ஆனால், அந்தப் பக்கம் தினமும் பைக்கில் போய் வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள். ‘‘டிப்பர் லாரிதான் சார்!’’ என்பார். சுற்றுவட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் பறக்கும் லாரிகள்.

இதையெல்லாம் பார்த்து வளரும் பையன் என்ன செய்வான்? பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கி, அட்டைப் பெட்டியைத் தொட்டியாக்கி, ஒரு லாரி செய்துவிடுவான். நம்மில் பலரும் செய்ததுதான். மீசை முளைத்ததும் நிறுத்திவிட்டோம். சிலர் நிறுத்துவதில்லை. நாற்பது வயதிலும் ஸ்கேலும் பிளேடுமாக உட்கார்ந்து, அசல் லாரியை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்கிறார்கள். வெளிநாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. நம்மூரில்? ‘வேலையத்த வேலை!’

அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்த வேலையத்த வேலைக்கு இதே தொண்டை மண்டலத்தில் சங்க காலச் சாட்சி இருக்கிறது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. உ.வே.சாமிநாதையர் 1889-ல் அச்சிட்ட பத்துப்பாட்டில் அதுவும் ஒன்று. அதில் ஒரு தேர் வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்த அழகான தேர். ஆனால், ஏறிப் போக முடியாது. குழந்தைகள் உருட்டி விளையாடிவிட்டு, களைத்துப்போய்ச் செவிலித்தாயிடம் பால் குடிக்க ஓடுகிறார்கள். ஏற முடியாத வண்டி என்று புலவர் குறிப்பாகச் சொல்கிறார், கவனியுங்கள். மாடல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

அதே பாட்டில் அந்தக் காலத்து ‘லாரி’யும் வருகிறது. உப்பு வணிகர்களான உமணர்களின் மாட்டு வண்டி. சக்கரத்தின் குடம் முழவு மாதிரி. மேலே புல் வேய்ந்த கூரை. வாசலில் கோழிக்கூடு. பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட சின்ன உரல். கயிற்றால் இறுக்கிக் கட்டிய காடிப் பானை. குழந்தையோடு இருக்கும் ஒரு பெண் எருதுகளை ஓட்டிப் போகிறாள். இன்றைக்கு ஒரு மாடல்காரர் இந்த வரிகளைப் படித்தால் நேராகப் பிளேடை எடுத்துவிடுவார். அத்தனை அளவு சுத்தமான வர்ணனை.

இனி ஒரே தாவல், இங்கிலாந்துக்கு. காரணம், ‘ஸ்கேல்’ என்கிற கணக்கைக் கடைக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. லிவர்பூலில் பொம்மை ரயில் செய்துகொண்டிருந்த ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கக் குட்டிக் கார், லாரி செய்தது. 1934-ல் அதற்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ரயிலுக்கு ஒரு அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கு. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். ஏழால் வகுத்துப் பாருங்கள், 43.5 வரும். இன்றைக்கு உலகம் முழுக்க மாடல் பெட்டிகளில் 1:43 என்று போட்டிருக்கிறதே, அந்த விசித்திர எண்ணின் ரகசியம் இதுதான். பொம்மையையும் மாடலையும் பிரிப்பது இந்த ஓர் எண். டிங்கியே லாரி நீளமாகிவிட்டால் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடும் என்பது வேறு கதை!

அந்த டிங்கி 1949-ல் விட்ட லாரிகளில் ஒன்று லேலண்ட் காமெட். பெயர் காதில் விழுந்த மாதிரி இருக்கிறதா? ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார் பூட்டுவதிலிருந்து லாரிக்கு மாறி, 1950-களின் தொடக்கத்தில் எண்ணூரில் பூட்டியது இதே காமெட்டைத்தான். 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. ஆக, நம்மூரில் காமெட் பூட்டுவதற்கு முன்பே இங்கிலாந்துப் பையன்களின் வீட்டுத் தரையில் ஓடிவிட்டது.

கணக்கில் இன்னொரு வேடிக்கை. 25 டன் லாரியை 1:24-ல் செய்தால் எடை என்ன வரும்? 25-ஐ 24-ஆல் வகுத்து ஒரு டன் என்று பதறாதீர்கள். (பி.காம். மூளை முதலில் அங்கேதான் போகும்!) நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகிறதே. 24-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும். அதே பொருட்களால் செய்தால் சுமார் 1.8 கிலோதான். ரிமோட்டில் ஓடும் பெரிய மாடல்கள் 1:14. அதில் சுமார் ஒன்பது கிலோ.

சரி, டிங்கி மாதிரி நம்ம லாரிக்கும் ஒரு பெட்டி வாங்கி ஒட்டிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். நம் லாரி பெரும்பாலும் தொழிற்சாலையில் முழுசாகப் பிறந்ததில்லை. எண்ணூரிலிருந்து பெரும்பாலும் வெறும் சேசிஸ்தான் வந்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கேபின் இல்லாத அந்த எலும்புக்கூட்டை ஓட்டிப்போகும் டிரைவர்களை ஹைவேயில் பார்த்திருப்பீர்கள். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர் என்று ஆளாளுக்குக் கை வைத்த பிறகுதான் அது லாரி. பட்டறைக்குப் பட்டறை முகப்பு மாறும். ஒரே பட்டறையில்கூட ஓனருக்கு ஓனர் மாறும். எந்தக் கம்பெனி இதற்கு அச்சு செய்யும்?

அதனால் நம்ம ஆள் எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டும். டேப்போடு லாரி ஸ்டாண்டுக்குப் போய் அளக்கிறார். டயரின் குறுக்களவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றால், 1:24-ல் நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேபினுக்கு ஃபோம் ஷீட், சைலன்சருக்குப் பேனா ரீஃபில், கண்ணாடிக்குப் புதுச்சட்டை டப்பாவின் பிளாஸ்டிக்.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த மரக் கேபின் லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரகடத்தில் 2012-ல் திறந்த டெய்ம்லர் தொழிற்சாலையிலிருந்து பாரத்பென்ஸ் லாரி கேபினோடுதான் வெளியே வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று 2023-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. நல்லது. இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டே ஓட்டியவர்களைக் கேட்டால் மரக் கேபினுக்காக ஒருத்தரும் அழமாட்டார்கள். ஆனால், அந்த முகப்புக்கெல்லாம் வரைபடம் எங்கே? தச்சரின் மனசுக்குள். லாரி காயலான் கடைக்குப் போனால் அளவும் சேர்ந்து போகிறது. மிச்சம், எங்கோ ஒரு வீட்டு ஷோகேஸில் ஒன்றுக்கு இருபத்துநாலாக நிற்பது.

நீங்களும் ஒன்று செய்வதாக இருந்தால், வண்டியோடு நிறுத்திவிடாதீர்கள். தார்ப்பாய், கயிறு, தண்ணீர் கேன், ஸ்டவ் வைக்கும் பெட்டி, முன்னால் எலுமிச்சையும் மிளகாயும். உமணர் வண்டியில் உரலும் காடிப் பானையும் தொங்கிய மாதிரி எல்லாம் இருக்கட்டும். முக்கியமாக ஸ்டெப்னி. புறநானூற்றில் ஔவையார் பாடும் உப்பு வண்டியில்கூட, அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.