கூலிக் கப்பலிலிருந்து விமானி அறை வரை

"அண்ணா, நான் வெளிநாடு போயிட்டா, நம்ம ஜனங்கள விட்டு ஓடிப்போயிட்டான்னு சொல்லுவீங்களா?"

தாம்பரத்தை ஒட்டிய காலனி ஒன்றில் பிறந்து, இன்று தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கும் தம்பி ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. வளைகுடா நாட்டிலிருந்து அவருக்கு வேலை வந்திருக்கிறது. படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை. போகலாமா, இருக்கலாமா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்வி அல்ல இது. நம் வரலாற்றைப் புரட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடல் தாண்டுவது பாவம் என்று சாதி இந்துக்களின் சாத்திரம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கடலைத் தாண்டியவர்கள் நம் பாட்டன்மார். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை அப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர்கள். நம் மக்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். ஏன் போனார்கள்? ஆசைப்பட்டா? இந்தத் தாம்பரம் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலம் மிராசுதார்களின் கையில் இருந்தது. உழுதவர்கள் கடனுக்குக் கட்டுண்ட படியாட்களாக இருந்தார்கள். அந்த நிலைமையை ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஊரில் கதவு மூடியிருந்ததால் கடல் பக்கம் போனார்கள். கப்பல் பதிவேட்டிலும் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 3,412 பேரின் கையெழுத்துடன் 112 அடி நீள மனுவைத் தயாரித்து எதிர்த்தார். தேர்வு இங்கே வந்தால் அந்தப் பதவிகளில் யார் உட்காருவார்கள், அந்த அதிகாரம் யார் முதுகில் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு அவரே வெளிநாடு போனார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பினார். 1923இல் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானார். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அவர் போனதை ஓட்டம் என்று எவராவது சொல்ல முடியுமா?

இப்போது வானத்துக்கு வருவோம். நம் தென்சென்னைப் புறநகருக்கும் விமானத்துக்கும் உறவு பழையது. 1910இல் டி ஏஞ்சலிஸ் தன் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தது பல்லாவரத்தில். டாடாவின் தபால் விமானச் சேவை 1932 அக்டோபரில் கராச்சியில் தொடங்கி பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பம்மலிலும் பொழிச்சலூரிலும் விமானச் சத்தத்தில்தான் தூங்கி எழுகிறார்கள். ஓடுபாதை பக்கத்தில்தான் இருக்கிறது. விமானி அறைதான் தொலைவில் இருக்கிறது.

ஏன்? முதல் வாசல் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். இரண்டாவது வாசல் பணம். வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உரிமமும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும் சேர்ந்தால் செலவு அரை கோடியைத் தாண்டுகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம் தனியார் பறக்கும் கழகங்களுக்கு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம். வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையோ முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். தாட்கோ கேபின் பணிக்கும் விமான நிலையத் தரைப் பணிக்கும் பயிற்சி தருகிறது. நல்லதுதான். ஆனால் அரசின் கற்பனை ஏன் விமானி அறையின் கதவுக்கு முன்னால் நின்றுவிடுகிறது?

மூன்றாவது வாசலை மூடியே விட்டார்கள். 1953இல் நாட்டுடைமையான ஏர் இந்தியா, 2022 ஜனவரி 27 அன்று டாடாவிடம் போனது. அரசு நிறுவனமாக இருந்தபோது அதன் பயிற்சி விமானி விளம்பரங்களில் நமக்கான இடங்கள் எண்ணிக்கையோடு அச்சாகும். தனியாரிடம் இட ஒதுக்கீடு கிடையாது. அரசிடம் மிச்சம் இருப்பது அலையன்ஸ் ஏர் என்ற சிறு நிறுவனம் மட்டும். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இத்தனை விமானங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்க இனி எந்தச் சட்டமும் நம் கையில் இல்லை.

இந்த நிலையில், போகிற பிள்ளையிடம் தேசபக்திக் கணக்கு கேட்க இந்த நாட்டுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருக்கும் விதி. பயிற்சி ஒப்பந்தத்தில் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் பிள்ளையின் பள்ளியும் சேர்ந்து போகும். அங்கேயும் நம்மூர்க்காரர்கள் கூடும் இடத்தில் "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற விசாரிப்பு வரும். கூலிக் கப்பலில் ஏறிய சாதி விமானத்தில் ஏறாமலா இருக்கும்? இன்னொரு பக்கம், அந்தச் சம்பளத்தில் கடன் சீக்கிரம் அடையும். அம்மா வட்டிக்காரரின் குரலுக்குப் பயப்படாமல் கதவைத் திறப்பார். இதுவும் விடுதலைதான்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னோம். முடிவு அவருடையது. போனாலும், விடுமுறைக்கு வரும்போது ஒரு மாலை எங்கள் படிப்பு மையத்துக்கு அந்த வெள்ளைச் சட்டையோடு வந்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் எந்தத் தேர்வு, எவ்வளவு செலவு, எந்தப் படிவம் என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னோம். சரி என்றார்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது வேறு. உதவித்தொகையை உண்மையான செலவுக்கு உயர்த்து. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கொண்டுவா. போவதா இருப்பதா என்று யோசிக்கும் வாய்ப்பு இன்று ஒரு தம்பிக்குத்தான் கிடைத்திருக்கிறது. அது நம் காலனிகளில் நூறு பேருக்குக் கிடைக்கட்டும்.

ஜெய்பீம்.